எண்ணெய்த் தாங்கிக்குள் பாடிய குரல்

கரண்டியைத் தொட்டிக்குள் போட்ட சத்தம் சுலோஜனாவுக்கு இரண்டு தரம் கேட்டது. முதலாவது அவள் போட்டபோது. மற்றது, அவள் கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்த பிறகு. திரும்பிப் பார்த்தாள். தொட்டிக்குள் ஒரேயொரு கரண்டிதான் கிடந்தது. மழைக்காலத்து ஈரம், எலி, பழைய ஓடு என்று காரணம் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். அவள் தேடவில்லை. அம்மா செத்த பிறகு எதற்கும் காரணம் தேடுகிற பழக்கம் அவளை விட்டுப்போயிருந்தது.

செத்தவீட்டில் அவள் அழவில்லை. ஊர் அதைக் கவனித்தது. ஊருக்கு வேறு என்ன வேலை? "கல்லு மாதிரி நிண்டவள்" என்று உவர்மலை முழுக்கக் கதை. அவளும் அழத்தான் பார்த்தாள், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோலத் தன்னைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றுமே உறைக்கவில்லை.

இப்போது முன்னறையில் அப்பா கிடக்கிறார். கனகசுந்தரம், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. இனி அதிக நாள் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவரும் போய், அப்போதும் தனக்கு ஒன்றும் வராவிட்டால்? சுலோஜனாவிடம் உயிரோடு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பயம்தான். அப்பாவின் குரலை ஒரு தரம் தெளிவாகக் கேட்டால் உள்ளே ஏதாவது உடையும் என்று அவள் நம்பினாள். ஆனால் குரலை எங்கே போய்த் தேடுவது?

அந்த நேரத்தில்தான் ஹஸ்மி போனில் கூப்பிட்டான். கிண்ணியாக்காரன், பழைய இசைத்தட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாத ஆள்.

"அக்கா, கொழும்பில ஒரு பழைய வீட்ட இடிக்கக்க ஒரு டேப் கிடைச்சிரிக்கி. வெல்வெட் ஆங்கர்ஸ் எண்டு ஒரு பேண்ட், அறுபத்தெட்டாம் ஆண்டு. பாடினது கனகசுந்தரம் எண்டு எழுதியிரிக்கி. உங்கட அப்பாதானே?"

வெல்வெட் ஆங்கர்ஸ். திருகோணமலையில் நங்கூரம் பார்க்காதவர் இல்லை. அந்த நாலு பெடியன்களும் வெல்வெட்டை எங்கே கண்டார்களோ! ரேடியோப் பெட்டியைப் பிரித்து கிட்டாருக்கு அம்ப்ளிபையர் செய்துகொண்டு, உலக யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வெறுமையாய்க் கிடந்த ஒன்றுக்குள் புகுந்து பாடியிருக்கிறார்கள். இரும்புச் சுவரில் மோதின சத்தம் சுற்றிச் சுற்றி வந்து, கிட்டார் அலறி, டிரம் இடியாகி, கஞ்சா அடித்தவன் கனவு மாதிரி ஒரு பாட்டு. அதற்குப் பிறகு அவர்கள் பாடவே இல்லை. அப்பா இதைப்பற்றி வாய் திறந்ததும் இல்லை. வெறுஞ்சுவர் மட்டும் அவருக்கு ஆகாது. சத்தம் பட்டுத் திரும்பாதபடி அறை அறையாகத் தடித்த திரைச்சீலையும் பாயும் தொங்கவிடுவார். அம்மா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வீடு கழுவும்போது சுலோஜனா எல்லாவற்றையும் கழற்றினாள். திரும்பப் போடவில்லை.

"நீங்க கலியாண வீடியோ எடிட் பண்ற ஆள். ஆனா எக்கோவில மட்டும் கை வைக்காதீங்க அக்கா" என்றான் ஹஸ்மி, டேப்பைக் கொம்ப்யூட்டருக்கு மாற்றி அனுப்பிவிட்டு. "அந்தப் பாட்டே அந்த எக்கோதான்."

"ஓம் தம்பி" என்றாள். அவளுக்கு வேண்டியது பாட்டு அல்ல. கலியாண மண்டபத்து முழக்கத்தைக் கழித்து ஐயரின் மந்திரத்தைத் துலக்குவது அவளுக்குக் கைவந்த வேலை. அன்று காலை அதே கைப்பழக்கத்தில் கொம்ப்யூட்டர்த் திரையில் எதிரொலி நீக்குகிற அளவுக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். அப்பாவின் குரல் கொஞ்சம் கிட்ட வந்தது. அதற்குப் பிறகுதான் கரண்டி இரண்டு தரம் விழுந்தது.

அப்பாவைத் துடைத்துவிட வருகிற அன்னலட்சுமி மத்தியானம் வாளியை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். சற்றுப் பொறுத்து, வாளி வைக்கிற சத்தம் திரும்பவும் வந்தது.

"என்ன பிள்ளை, வீடு ஒரு மாதிரி முழங்குது?"

*ஒரு மாதிரி முழங்குது* என்றது கூரை, அவளுடைய குரலிலேயே.

அன்னலட்சுமி நெற்றியில் திருநீற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "மழை வரப்போகுது. நான் நாளைக்கு வாறன்" என்று குடையையும் மறந்து இறங்கிப் போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் படியில் இரண்டாம் முறை இறங்கியது. சுலோஜனா அதைக் கேட்டபடி நின்றாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம் வரவில்லை.

கோட்டை இன்னும் நகர்த்தினாள். பாட்டில் டிரம் தெளிந்தது, கிட்டாரின் கம்பி தெளிந்தது, அப்பாவின் மூச்சு இழுப்புக்கூடக் கேட்டது. வீட்டிலோ எதிரொலி கிட்டக் கிட்ட வந்தது. கதவு சாத்தினால் உடனே இன்னொரு கதவு. இருமினால் தோளுக்குப் பின்னால் இருமல். மேலும் நகர்த்தினாள். எதிரொலி நின்றேவிட்டது என்று நினைத்தாள். நிற்கவில்லை. சத்தத்தோடு சத்தமாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மழை இருண்டுகொண்டு வந்தது, துறைமுகப் பக்கமிருந்து எண்ணெயும் உப்பும் துருவும் கலந்த ஒரு வாடை யன்னலுக்குள்ளால் வந்து சுவர்களில் படிந்தது, யன்னலைச் சாத்திய பிறகும் அது போகவில்லை.

கடைசியாகக் கோட்டை அந்தம்வரை இழுத்தாள்.

காதுக்குள் அப்பா. இருபது வயது. அவ்வளவு கிட்ட, அவ்வளவு சுத்தம். "கரையில ஆர் நிக்கிறது, என்னைக் கூப்பிட" என்று பாடினார். சுலோஜனா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பாட்டு முடிந்தது.

ஒன்றும் உடையவில்லை.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கப் போனாள். டக்.

கோப்பை இன்னும் கையில்தான் இருந்தது.

மெதுவாக இறக்கினாள். மேசையில் பட்டது. சத்தம் இல்லை. அந்தச் சத்தம் முன்னமே வந்து போயிருந்தது.

கோட்டைப் பழைய இடத்துக்கு இழுத்தாள். வரவில்லை. கொம்ப்யூட்டரை மூடக் கை நீட்டினாள். மூடுகிற சத்தம் கை போய்ச் சேருமுன் கேட்டது. எழும்ப நினைத்தாள், கதிரை இழுபட்டது. பிறகுதான் எழும்பினாள்.

நடையில் காலடி கேட்டது. அவளுடைய காலடி. அவளுக்கு முன்னால் போனது. முன்னறைப் பக்கம்.

"அப்பா" என்றது நடை. அவள் வாய் திறக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவர் இரும்பு மாதிரிக் குளிர்ந்தது. முன்னறையிலிருந்து அப்பாவின் மூச்சு வந்தது. கொர்ரென்று இழுத்தது. நின்றது. இன்னொரு தரம் இழுத்தது.

நின்றது.

காத்தாள். அடுத்தது வரவில்லை.

அப்போது அழுகை கிளம்பியது. கூரையிலிருந்து, நிலத்திலிருந்து, நாலு பக்கச் சுவரிலிருந்தும். ஒரு பொம்பிளை குரல் கிழிந்து கத்தினாள். "என்னை விட்டிட்டுப் போட்டீங்களே அப்பா! ஐயோ என்ர அப்பா!" வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுகிற அழுகை. சுலோஜனா அதை ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவளுடையது.

ஓடினாள். கால் நிலத்தில் பட்டது, சத்தம் இல்லை. கதவைத் தள்ளினாள், சத்தம் இல்லை.

அப்பா உயிரோடு கிடந்தார். கண் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, ஒரு சின்னச் சத்தமும் இல்லாமல். அழுகை கட்டிலைச் சுற்றி ஏறிக்கொண்டே வந்தது. சுலோஜனா இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்தினாள். அது நிற்கவில்லை. அப்பாவின் பார்வை கூரையைத் தொட்டு, சுவர்களைச் சுற்றி, மூடியிருந்த அவள் வாயில் வந்து நின்றது.

அவருக்கும் அது கேட்டது. தன்னுடைய செத்தவீட்டு அழுகையைக் கடைசிவரை கேட்டபடி, மகளையே பார்த்துக்கொண்டு, அவர் இன்னொரு மூச்சை இழுத்தார்.