தூணுக்குக் கொடுத்த அளவு

தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடை. இத்தாலியில், கால்சா என்ற பகுதியில் இருக்கும் அந்தப் பழைய கோதிக் தேவாலயத்தைக் கூட்டித் துடைக்க செலஸ்ரீனா மத்தியானம் போனாள். இடுப்பில் கைக்குழந்தை ஸ்ரீபன், பின்னால் மகள் றம்யா. வெளியே அனல்காற்று, உள்ளே ஈரச் சுண்ணாம்பும் அணைந்த மெழுகும் மணத்தன. கூராக எழும்பிய வளைவுகள் மேலே இருட்டுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அவ்வளவு பாரத்தையும் தாங்கிய தூண்களில் ஒன்றில் மட்டும் வெடிப்பு இருந்தது. அதற்கு மேலே கல்லில் செதுக்கிய மாதா.

றம்யாவுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. சுகம் வந்தால் மகளின் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக மடு மாதாவுக்கு நேர்ந்து, செலஸ்ரீனா நூலால் அளந்தும் வைத்திருந்தாள். விட்டுவந்த ஊரில் சண்டை, அங்கே மடுக் கோயிலுக்குப் பாதை பூட்டு. எங்கே இருந்தாலும் ஒரே மாதாதானே என்று நூலை அந்த வெடிப்புக்குள் செருகி, நுனியை வெளியே விட்டாள்.

காய்ச்சல் அன்றே விட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த கிழமை வெடிப்பு ஒடுங்கியிருந்தது. வெளியே தொங்கிய நுனியும் குறைந்திருந்தது.

றம்யாவின் சட்டை நிலத்தில் இழுபட்டது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் றொசாரியோ நூலைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டார்.

"யாருடைய அளவு?" என்று இத்தாலியனில் இரகசியமாகக் கேட்டார்.

"என் மகளுடையது."

முகடு கட்டிய காலத்தில் இந்தத் தூண் மட்டும் நிற்க மறுத்ததாம். கொத்தனார்கள் ஓர் அநாதைப் பிள்ளையை நூலால் அளந்து, அந்த நூலைக் கல்லுக்குள் வைத்துக் கட்டினார்களாம். தூண் நின்றது. பிள்ளை தேய்ந்து தேய்ந்து இல்லாமலே போய்விட்டதாம்.

செலஸ்ரீனா நுனியைப் பிடித்து இழுத்தாள். பின்னால் நின்ற றம்யா வீரிட்டாள்.

"அம்மா, நோகுது! விடுங்கோ!"

விட்டாள்.

"இன்னொரு பிள்ளையின் அளவைக் கொடுத்தால் தூண் இவளை விட்டுவிடும். ஆனால் எந்தத் தாய் அதைச் செய்வாள்?" என்றார் கிழவர்.

அவருக்கு செலஸ்ரீனாவைத் தெரியாது.

லிபெர்த்தாத் தெருவில் அவள் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகன் சால்வோ, அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவான். அவன் நித்திரையில் கிடந்தபோது உச்சியிலிருந்து குதிக்கால் வரை நூல் பிடித்தாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

புது நூல் வெடிப்புக்குள் போனதும் பழையது தானாகவே அவள் காலடியில் விழுந்தது. எடுத்தபோது இளஞ்சூடாக இருந்தது.

றம்யா வளர்ந்தாள். சால்வோவின் சப்பாத்துகள் கழன்று விழத் தொடங்கின.

"இவனுக்கு ஏன் எல்லாமே பெரிதாகிறது?" என்று சிஞ்ஞோரா கேட்டாள்.

"பெரிய அளவில் வாங்கிவிட்டீர்கள்," என்றாள் செலஸ்ரீனா, அவன் காலைத் துடைத்துக்கொண்டே.

கோடை முடிய முன்னமே அங்கே செத்தவீடு. வெள்ளைப் பெட்டியை ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கினார். செலஸ்ரீனா அழுதாள், உண்மையாகவே அழுதாள். சிஞ்ஞோரா அவளைக் கட்டிப்பிடித்து, "உன்னைப்போல் அவனை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை," என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது புருசன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஸ்ரீபனின் தொட்டிலடியில் றம்யா நின்றாள். கையில் நூல். ஒரு நுனி குழந்தையின் உச்சியில், மற்றது குதிக்காலில்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

றம்யா திரும்பவில்லை. அவள் விரல்களில் ஈரச் சுண்ணாம்பு.

"சத்தம் போடாதேங்கோ அம்மா," என்றாள் மெல்ல. "அங்கை இன்னும் தூணுகள் இருக்கு."