பிலோமினா ஒன்றையும் சிபாரிசு செய்யவில்லை

காலை ஏழு மணியானால் அந்தத் தெருவின் இறந்தவர்கள் பாட்டுச் சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். எதிர்வீட்டுச் சுவரிலிருந்து லூர்துசாமி வாத்தியார், "ஜாஸில் ஓர் அருமையான ஆல்பம், அவசியம் கேளுங்கள்" என்றார். உயிரோடிருந்தபோது கோயில் பாடகர் குழு வாயைத் திறந்ததுமே குறட்டை விட்ட மனிதர். செத்த பிறகு எல்லாமே பிடித்துப்போயிற்று. தஸ்நேவிஸ் சன்னலை அறைந்து சாத்திவிட்டு நினைவகத்துக்குக் கிளம்பினார்.

மனைவி பிலோமினா போய் இன்றோடு ஓராண்டு. அவளுடைய குரல்நிழல் இருக்குமா அழியுமா என்பது இன்று முடிவாகிவிடும்.

வீட்டுச் சுவரிலிருக்கும் செவிப்பொறி ஒருவர் பேசியதையெல்லாம் சேர்த்து வைக்கும்; அதுதான் குரல்நிழல். இறந்ததும் ஓராண்டு முத்திரையிட்டுவிடுவார்கள். பிறகும் சர்வரில் இடம் வேண்டுமென்றால், இறந்தவர் உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்பட வேண்டும். அரசின் மேதைகள் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த பயன் இது: பத்து இசைவகை, வகைக்கொரு பிடித்த ஆல்பம், அதைப் பற்றி அவர் வாயால் இரண்டு நல்ல வார்த்தை. குறை சொல்லும் நிழலுக்கு இடமில்லை. கேட்கிறவர்கள் மனம் கசந்துவிடுமாம்.

நினைவக மேசையில் மெஹர்நிசா என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். "மெட்டல்ல இருந்து ஆரம்பிப்போமா சார்? அம்மாவுக்குப் பிடிச்சது?"

"ஒண்ணு கேட்டா. தகரக் கடையில மாடு புகுந்த மாதிரி இருக்குன்னா."

"ராப்?"

"நம்ம மீன் ஏலத்துல இதைவிடச் சுதி உண்டுன்னா."

மெஹர்நிசா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "கர்நாடக சங்கீதமாவது?"

"பாட்டு ஒரு வரி, தொண்டையைக் கனைக்கிறது ஒரு மணி நேரம்னா."

"எதையுமே ரசிக்கலையா சார்?"

"ரசிக்காமலா தினமும் மூணு மணி நேரம் கேட்பா? பிடிக்கலைன்னா நடுவுலயே எழுந்து, திட்டிட்டுப் போயிருவா. பிடிச்சா வாயே திறக்க மாட்டா. கடைசிப் பாட்டு முடியுற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பா. கையில காப்பி ஆறிப்போகும். அப்படி உக்காந்து கேட்டது பறையில ஒண்ணு, கஜல்ல ஒண்ணு, ஜாஸ்ல ஒண்ணு... பத்தும் எனக்குத் தெரியும். அவ சொன்ன வார்த்தைதான் கிடையாது."

"அவ்வளவுதானே! வார்த்தையைப் பொறியே போட்டுக்கும்." அவர் சொன்ன பத்தையும் உள்ளிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"இந்தப் பறை ஆல்பம் என் மனதை மெல்ல வருடியது. நீங்களும் கேட்டு மகிழுங்கள்!"

ஓராண்டுக்குப் பிறகு கேட்கிற குரல். அதே லேசான கரகரப்பு, வாக்கியம் முடியுமிடத்தில் அதே இறக்கம். ஒரு நொடி தஸ்நேவிஸின் கண் நிறைந்தது. அடுத்த நொடி உடம்பு கூசியது. 'வருடியது' என்ற சொல்லை அவள் செருப்புக் காலால்கூடத் தொட்டிருக்க மாட்டாள்.

"இதுக்குக் கையெழுத்துப் போட்டா தினமும் காலைல அம்மா குரலைக் கேட்கலாம் சார். இல்லேன்னா அஞ்சு மணிக்கு எல்லாம் போயிரும். திட்டினதும் சேர்த்து."

அவர் இனி வரப்போகும் காலைகளை நினைத்துப் பார்த்தார். எதிர்வீட்டுச் சுவரில் லூர்துசாமி, தன் வீட்டுச் சுவரில் பிலோமினா. இருவரும் மாறி மாறிப் புளகாங்கிதம்.

"அழிச்சிரும்மா."

கையெழுத்து வாங்கியதும், விதிப்படி பதிவின் சுருக்கத்தை மெஹர்நிசா வாசிக்க வேண்டியிருந்தது. "மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம் கருத்து சார். பக்கத்து வீடு, பங்குச் சாமியார், மேயர், நாத்தனார், பாட்டுக்காரங்க... ஒருத்தரையும் விட்டுவைக்கல." சிரித்துக்கொண்டே வாசித்து வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் மாறிவிட்டது. தஸ்நேவிஸ் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.

"சார்... உங்களைப் பத்தி மட்டும் நல்லதாவோ கெட்டதாவோ ஒரு வார்த்தைகூட இல்ல. நாப்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில. ஸாரி சார்."

அவர் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதை மட்டும் இன்னொரு தடவை வாசிம்மா."