நேராக நின்ற மார்க்

சக்கரபாணி சொன்ன கணக்குப்படி, அவருடைய கார் நின்றுபோய் இருபத்தாறு மணி நேரம்.

அவருடைய பங்காளி புருஷோத்தமன் செத்துப்போய் இருபத்தைந்து மணி நேரம்.

கார் நின்றது கூனிமேட்டில். பிணம் மிதந்தது பல மைல் தள்ளி, மரக்காணம் உப்பளத் தொட்டியில்.

"ஓடும்போதே டைமிங் பெல்ட் அறுந்துட்டுது. வண்டி இல்லாம நான் எப்படி இங்க வந்து அவனைக் கொல்றது?"

போலீஸிடம் சக்கரபாணி சொன்னது இதுதான்.

கட்டி இழுத்து வந்த கார் இப்போது அவருடைய உப்பு குடோனுக்குள் நின்றது. மெக்கானிக் தமிழ்நிலா பானெட்டுக்குள் குனிந்திருந்தாள்.

பின்னால் ஷட்டர் இறங்கியது. பூட்டும் சத்தம்...

"எதுக்குண்ணா மூடுறீங்க?"

"உப்புக் காத்தும்மா. இன்ஜினுக்கு ஆகாது." சாவியைச் சட்டைப் பையில் போட்டார். "ஓடும்போது அறுந்ததுன்னு போலீஸுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு."

"எழுதலன்னா?"

"வெளிய தொட்டி ஆழம். புருஷோத்தமனுக்கே தெரியாமப் போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தமிழ்நிலா கவரைக் கழற்றினாள். பெல்ட் நார்நாராகத் தொங்கியது. அது இணைத்திருந்தவை இரண்டு: மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் சக்கரம், கீழே பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் சக்கரம். இரண்டிலும் ஒவ்வொரு மார்க். அவற்றை அதனதன் கோட்டுக்கு நேராக நிறுத்திவிட்டுத்தான் புது பெல்ட் மாட்ட வேண்டும். தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

துணியால் துடைத்தாள். பார்த்தாள்.

மறுபடி துடைத்துப் பார்த்தாள்.

போன் அடித்தது. கொலையை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் அம்சவல்லி.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார் சக்கரபாணி. கையில் பெரிய ஸ்பேனர்.

"என்னம்மா, ஓடும்போதுதான் அறுந்துச்சா?"

"ஆமா மேடம். போன மாசம் உங்க கார்ல அறுந்த மாதிரியேதான்."

"ஐயோ, அதை ஞாபகப்படுத்தாத. மூணு வாரம் ஷெட்டுல கெடந்துச்சு."

"உங்களுதுல மார்க் ஆளுக்கொரு பக்கம் நின்னுது. இதுல ரெண்டும் நேரா நிக்குது மேடம். நான் இன்னும் தொடக்கூட இல்ல. சாயங்காலம் கெளம்பிடும்."

போனில் நாற்காலி நகரும் சத்தம்.

"நல்ல வண்டி," என்றார் அம்சவல்லி. இணைப்பு அறுந்தது.

சக்கரபாணியின் முகம் மலர்ந்தது.

"பின்ன? நானும் பாண்டி ஷெட்டுல வேலை பழகினவன்தான். இதைத் தொடைக்கக்கூட யாரையும் விட மாட்டேன்."

"அப்போ ஒரு ஒத்தாசை பண்ணுங்கண்ணா. கீழ படுத்து கிராங்க் போல்ட்டைப் பிடிச்சுக்குங்க. அசைஞ்சா பதினாறு வால்வும் போயிடும்."

அவர் பதறிப்போனார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காருக்கு அடியில் நுழைந்தார். ஸ்பேனர் போல்ட்டைக் கவ்வியது.

சாவி இருந்த சட்டை, ஆணியில்.

பத்து நிமிடம்...

"ஏம்மா." கீழேயிருந்து வந்த குரல் மாறியிருந்தது. "மார்க் நேரா நிக்குதுன்னு எதுக்கு அவங்ககிட்ட சொன்ன?"

"கையை எடுத்துடாதீங்கண்ணா."

"எதுக்குச் சொன்னேன்னு கேக்குறேன்..."

"கேம் துள்ளப் பாக்குது. விட்டீங்கன்னா இன்ஜின் காலி."

காருக்கடியில் மூச்சு இரைந்தது. கால் ஒன்று வெளியே வந்தது. நின்றது. திரும்ப உள்ளே போனது.

ஸ்பேனர் மட்டும் அசையவில்லை.

உப்பள வரப்பில் ஜீப் உறுமும் சத்தம். தமிழ்நிலா ஆணியை நோக்கிப் பாய்ந்தாள். சாவி இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பூட்டு திறந்தது. ஷட்டரைத் தூக்கினாள். வெளிச்சத்தில் கண் கூசியது.

அம்சவல்லி இரண்டு கான்ஸ்டபிள்களோடு உள்ளே வந்தார்.

"போன்ல சொல்ல முடியாததை இப்பச் சொல்லு. அவரும் கேக்கட்டும்."

"ஓடும்போது அறுந்தா சக்கரம் ரெண்டும் கண்ட இடத்துல போய் நிக்கும், வால்வும் நொறுங்கும் மேடம். இப்படி ரெண்டு மார்க்கும் நேரா நிக்காது. இங்க வந்து கொன்னுட்டு, கூனிமேட்டுல நிறுத்தின வண்டியில மார்க்கைச் சேர்த்து வச்சுட்டு இவரேதான் பெல்ட்டை அறுத்திருக்காரு. ஷெட்டுல பழகின கை, அதுவா செஞ்சிருக்குது."

காருக்கடியில் ஸ்பேனரை இன்னும் விடவில்லை அவர்.

"பங்காளியைக் கொல்ல மனசு வந்துச்சு மேடம். பதினாறு வால்வைக் கொல்லத்தான் வரல."