வானத்து வளையம்

ஓவியக்காரம்மா நாற்காலியில் உட்காரவில்லை. சிமெண்டு மூட்டையை இறக்கிப் போட்டது மாதிரி விழுந்தாள். நகக்கண் வரைக்கும் நீலச்சாயம்.

"அண்ணே, படத்தை வெளியில விட்டது யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரியலேன்னா என் வேலை போயிரும்."

நிதானம் என்று பட்டப்பெயர் வாங்கிய துப்பறிவாளர், "எந்தப் படம்?" என்றார்.

அவருடைய மச்சான் துள்ளினான். "ஊரே பேசுது மாமா! புதுசா வரப்போற கேளிக்கைப் பூங்காவோட மாதிரிப் படம். நெட்ல இருக்கற ரசிகர் குழுவுல எவனோ போட்டுட்டான். கோட்டைக்கு மேல பழுப்பா ஒரு வளையம் இருக்கு பாருங்க, அதான் வானத்து ரயில்! அதுல ஒரு இடத்துல விட்டுப்போயிருக்குல்ல, அது ஸ்டேஷன்!"

"நான் வளையமே வரையலைண்ணே!"

நிதானம் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பூங்கா அலுவலக வாசலில் ரசிகர்கள் இரண்டு கட்சியாக நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்சிக்கு அது ரயில். மறு கட்சிக்கு டிராகனின் தலைகீழ்க் கூடு. மச்சான் ரயில் கட்சிக்குக் கையசைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அசல் படம் ஓவியக்காரம்மாவின் பலகையில் இருந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

"அப்ப நகல்லேருந்துதான் போட்டோ எடுத்திருக்காங்க. எத்தனை நகல்?" என்றார் நிதானம்.

"மூணு. முதலாளிக்கு ஒண்ணு, இன்ஜினியருக்கு ஒண்ணு, விளம்பரக்காரருக்கு ஒண்ணு."

மூவரையும் முதலாளி அறையில் கூட்டினார்கள். விளம்பரக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்திருந்தார். இன்ஜினியர் காகிதக் கோப்பையில் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். முதலாளி தன் பெரிய பீங்கான் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து டக் டக்கென்று ஆடி நின்றது.

"மூணு நகலையும் காலையிலயே வாங்கிக் கிழிச்சுட்டேன்! இந்தம்மாதான் விட்டிருக்கு. வேற யாரு?"

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "இன்ஜினியர்தான் மாமா! இவ்வளவு உருண்டையா வேற யாரு வட்டம் போடுவா?"

"யோவ், நான் ஸ்கேல் இல்லாம கோடே போடமாட்டேன்யா!"

"வட்டம் யாரும் போடலடா," என்றார் நிதானம். "அது தானா விழுந்தது. தேநீர்க் கறை."

வெளியே, "ரயில்! ரயில்!"

"காகிதக் கோப்பை அவ்வளவு பெருசா கறை வைக்காது. தண்ணி பாட்டில் பழுப்பா வைக்காது. இந்தம்மா நகல் வச்சுக்கவே இல்லை. அப்புறம், ஆளைப் பிடிக்கணும்னு துடிக்கிறவர் ஆதாரத்தை ஏன் கிழிக்கணும்? சார், கோப்பையைக் கொஞ்சம் தூக்குங்க."

முதலாளி தூக்கினார். மேசையில் பழுப்பு வட்டம். ஒரு இடத்தில் விட்டுப்போயிருந்தது. கோப்பையின் அடிவிளிம்பில் விரல் நுழையும் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

முதலாளியின் குரல் கிணற்றுக்குள் போனது. "நான் கள்ளப் பேர்ல அந்தக் குழுவுல இருக்கேன். 'பழைய ராட்டினத்துக்குப் புது பெயிண்டு அடிக்கப் போறானுங்க'ன்னு எழுதினானுங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஒரே ஒரு படம் காட்டினேன். அது இப்படி ஊர்வலம் போகும்னு கண்டேனா?"

"அதுக்கு என் தலையை உருட்டுவீங்களா?" ஓவியக்காரம்மாவின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை.

முதலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ரயில் கட்சி பெருத்திருந்தது. திரும்பி இன்ஜினியரைப் பார்த்தார்.

"ஏம்பா, வானத்துல வளையம் கட்ட முடியுமா?"

"எந்த அளவுல சார்?"

நிதானம் கோப்பையை இன்ஜினியர் கையில் கொடுத்தார்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "அம்மா, மன்னிச்சுக்கோ. வேலை உனக்குத்தான். அந்த வளையத்தை அழகா வரைஞ்சு கொடு."

"வரையறேன் சார். நான் வரையற இடத்துக்கு மட்டும் தேநீரோட வராதீங்க."

மச்சான் இன்ஜினியரிடமிருந்து கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இந்தச் சில்லு?"

"உடைஞ்ச இடம்டா," என்றார் நிதானம்.

"எது எப்படியோ மாமா, ரயில் நிக்க ஒரு இடம் வேணும்ல? ஸ்டேஷன்னு நான்தான் மொதல்ல சொன்னேன்."

இன்ஜினியர் பென்சிலை எடுத்து, மேசை வட்டத்தில் விட்டுப்போன இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.