வெள்ளிக்கிழமைத் தூசு

காலை 6.40. ஈய உலைக்குப் பின்னால் பயூமி வலிப்பு வந்து செத்துக் கிடந்தான். அலெக்ஸாந்திரியாவுக்கு வெளியே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை அது.

10.15. தொழிலாளர் அலுவலக ஆய்வாளர் நஜாத் வந்தாள். பயூமியின் ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். அது ஆலையில் ஏறியிருந்தால் மனைவி ஸபாஹுக்கு ஓய்வூதியம் உண்டு. வீட்டில் என்றால் கிடையாது.

பாதுகாப்புப் பொறியாளர் ஷுக்ரி காற்றுச் சோதனைக் கோப்பை மேசைமேல் எறிந்தான்.

"எங்க காத்து சுத்தம் மேடம். அவன் வீட்ல மீன்வலைக்கு ஈயக்குண்டு உருக்கியிருப்பான்."

"வாயைக் கழுவுடா," என்றாள் வாசலில் நின்ற ஸபாஹ்.

கோப்பின்படி பத்துப் பேர் இடுப்பில் பத்துப் பம்புகள். நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சி வடிதாளில் தூசு பிடிப்பவை. ஒரு கனமீட்டர் காற்றில் ஈயத்துக்கு வரம்பு ஐம்பது மைக்ரோகிராம். தினமும் ஒன்பது, பத்து. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முப்பது.

"பம்பை யார் கட்டுறது?"

"நான்தான். ஆறுக்குக் கட்டி ரெண்டுக்குக் கழட்டுவேன். பெட்டிச் சாவி என்கிட்ட மட்டும்தான். இடுப்பை விட்டு இறங்காது."

"வெள்ளிக்கிழமை உலை எரியாதே?"

"கசடு வாருவாங்க. தூசு எழும்."

நஜாத் வடிதாள்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சிவப்புக் கம்பளி இழைகள். எழுந்துபோய் ஆலைக்குள் சுற்றினாள். தொழுகை அறையில் சிவப்பு விரிப்பு. சுவரில் வரிசையாகப் பத்து ஆணிகள்.

11.50. திரும்பி வந்தாள்.

"உலைக்காரனுக்குப் பத்து. கேட்ல நிக்கிற காவலாளிக்கும் பத்தா?"

"அப்படித்தான் வந்துச்சு."

"வராது. வேலைக்கு வேலை தூசு மாறும். ஒரே ஆளுக்கே பல நாள் கொஞ்சமா இருக்கும், ஒருநாள் எகிறும். இங்க பத்துப் பேரும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குறாங்க. பத்துப் பம்பும் ஒரே அறையில தொங்கியிருக்கு."

"கசடு வாருறப்ப..."

"காவலாளியுமா வாரினான்? வெள்ளிக்கிழமை மொத்த ஆளும் வேலை உடுப்போட ஜும்ஆ தொழுகைக்கு அந்த அறைக்கு வந்து நெருக்கி நிப்பாங்க. உடுப்புத் தூசு எழும். விரிப்பு இழையும் பம்புல ஏறும். அதை நீ யோசிக்கல. தொழுகை அறைக் காத்தை அளந்துட்டு உலைக் காத்துன்னு கையெழுத்துப் போட்டது நீதான், ஷுக்ரி."

"முதலாளி சொன்னாரு..."

"அதையும் எழுதிக் கொடு. உலையை அணைக்கச் சொல்லு. மீதி ஒன்பது பேருக்கும் இன்னிக்கே ரத்தம் எடுக்கணும்."

நஜாத் அறிக்கை எழுதி முத்திரை குத்தினாள். ஸபாஹுக்குப் படிக்கத் தெரியாது.

"சத்தமாப் படிங்க," என்றாள். "இவன் காதுல விழணும்."

"வேலையிடத்து நஞ்சால் மரணம்," என்று நஜாத் படித்தாள்.

"இன்னொரு தடவை."