ஏழ்பெயர்த்தீவின் அந்திக் கூப்பாடு

குடத்துத் தண்ணீர் உப்புக் கரித்தது.

இராசரத்தினம் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுக் குடத்துக்குள் மூக்கை நுழைத்தான். காலையில் அவனே குழாயில் பிடித்து வைத்த தண்ணீர். இப்போது அதில் பாசியும் வெயிலில் காய்ந்த மீன்வலையும் மணத்தன. வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்தால் கடல்தான். ஆனாலும் இந்த மணம் கொழும்புக் கடலுடையதல்ல. மூன்று வருசத்துக்கு முன் அவன் விட்டுவந்த கரையினுடையது.

சேலையில் கட்டிய ஏணைக்குள் நாற்பது நாள் மகள் தூங்கினாள். பக்கத்தில் கால்நீட்டி இருந்த பாலேஸ்வரி மெல்லக் கேட்டாள்.

“பொலிஸ் பதிவுத் தாளில பிள்ளைக்கு என்னப்பா எழுதினனீங்கள்?”

கொட்டாஞ்சேனையில் அவனோடு மூட்டை சுமக்கும் மர்ஸூக் நானாதான் நாற்பது வயதில் அவனுக்கு எழுத்துப் படிப்பித்தவர். நேற்று, கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டிய அந்தத் தாளை, முதல் தடவையாக யாரையும் கேட்காமல் முழுக்கத் தானே நிரப்பினான். “இராசு, நண்டு நடந்த மாதிரிக் கிடக்கு. பொலிஸ்காரன் கண்ணாடி வாங்கத்தான் வேணும்” என்று வீட்டுக்காரர் நாகேந்திரம் சிரித்தார். பிள்ளையின் இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். எழுதத் தெரிந்த கை நிற்கவில்லை.

“இரத்தினம்மா எண்டு.”

பாலேஸ்வரியின் கை ஏணைக் கயிற்றில் அப்படியே நின்றது. “பெரியம்மா செத்ததை ஆர் கண்டது?”

“தண்ணி கொண்டுபோய்க் குடுக்க ஆளில்லாத தீவில மூண்டு வருசம். மனுசர் இருக்கேலுமே?”

“இருந்தா?”

இருவருக்கும் ஊர் ஏழ்பெயர்த்தீவு. முன்னொரு காலம் கப்பல் உடைந்து ஏழு பேர் அங்கே கரையொதுங்கினார்களாம். கடல் விட்டுக்கொடுத்தது அந்த ஏழு பெயர்களை மட்டும்தானாம். எத்தனை தலைமுறை போனாலும் தீவில் ஏழே பெயர்கள். எட்டாவதாகப் பிறக்கும் பிள்ளை, யாராவது கண்ணை மூடும்வரை பெயரில்லாமல் வளரும். உயிரோடிருப்பவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், இருவருக்கும் ஒரு உடம்புதான் மிஞ்சும் என்பார்கள். அந்தியில் மூத்தவர் கடலைப் பார்த்து நின்று ஏழு பெயரையும் கூப்பிடுவார். உரியவர் ‘ஓம், இருக்கிறன்’ என்று குரல் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் கூப்பிட்டவள் இரத்தினம்மா பெரியம்மா. நேவி வருகிறதென்று எல்லோரும் வள்ளத்தில் ஏறிய அந்தியில், கூப்பாட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவள் கரையில் நின்றாள். வள்ளத்தை அவிழ்த்தவன் இராசரத்தினம். அப்போது அவனுடைய பெயரைத்தான் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் குரல் கொடுக்கவில்லை.

“ஓடிப்போய் அந்தப் பேரை வெட்டிப்போட்டு வாங்கோ.”

“வீட்டுக்காரர் காலையிலயே ஸ்டேசனில குடுத்திட்டார். நேற்று ஒரு பேர், இண்டைக்கு ஒரு பேர் எண்டா புலியெண்டு உள்ள போடுவாங்கள்.”

“அப்ப பிள்ளை?”

மருதானைப் பக்கமிருந்து வந்த அந்தி ரயில் சுவரையும் குடத்தையும் ஏணைக் கயிற்றையும் அதிரவைத்துக்கொண்டு கடந்துபோக, அதன் பின்னாலேயே கரண்ட் போய், ஒழுங்கை முழுக்க யாரோ போர்வையை இழுத்து மூடியதுபோல் இருண்டது. தெருச் சத்தம் அடங்கியது. அலைச் சத்தமும் அடங்கியது. அலை எப்படி அடங்கும்?

தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து ஒரு குரல் நீண்டு வந்தது.

முதல் பெயர். பதிலில்லை. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. இந்தியாவுக்குப் படகேறியவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் குரல் கிட்ட வந்தது. ஒழுங்கை முனை. படலை. முற்றத்து மணல்.

“பாலேஸ்வரீ...”

அவன் அவளுடைய வாயைப் பொத்தினான்.

“இராசரத்தினம்...”

கதவுக்கு வெளியே. நாக்கு தானாக எழும்பியது. கடித்தான். இரத்தம் உப்புக் கரித்தது.

இன்னும் ஒரு பெயர். அதைப் பெரியம்மா எப்போதும் கடைசியாகத்தான் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு, தானே பதிலும் சொல்வாள்.

“இரத்தினம்மா...”

வெளியே பதில் இல்லை.

ஏணை ஆடியது. யாரும் தொடவில்லை.

“ஓம்,” என்றது ஏணைக்குள்ளிருந்து, மூன்று வருசம் தண்ணீர் காணாத ஒரு கிழட்டுத் தொண்டை. “இருக்கிறன்.”

சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கை வெளியே வந்தது. நாற்பது நாள் கை. கடலில் நெடுநாள் ஊறியதுபோல் தோல் சுருங்கியிருந்தது. விரலிடுக்குகளிலிருந்து ஈர மணல் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.