நியூஜெர்சியில் கரண்ட் கட்

"ஆஆஆஆஆ..."

அலறல்.

ஆனால் யார் காதிலும் விழாத அலறல். ஏனென்றால் அது தொண்டையிலிருந்து வரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் வந்தது.

இரும்புலியூர். டிசம்பர் 2000. சனிக்கிழமை மதியம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு தெருவே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நேரம்.

மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இஃப்ரா, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

திரையில் கடைசி மூன்று வரிகள்...

மக்கள்குரல்: யாரோ கதவைத் தட்டறாங்க. இருங்க, பாத்துட்டு வரேன்.

மக்கள்குரல்: ஐயோ, நீயா?

மக்கள்குரல்: ஆஆஆஆஆ

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு எழுத்துகூட வரவில்லை.

இஃப்ரா பக்கத்தை மேலே தள்ளினாள். பன்னிரண்டு மணி வாக்கில் வந்த வரி ஒன்று அவளை முறைத்தது.

நீதிமான்: மக்கள்குரல்! இன்னியோட உன் கதை முடிஞ்சுது!

கொலை. பட்டப்பகலில், இணையத்தில், அவள் கண்ணெதிரில்!

"அத்தா!" என்று கத்திக்கொண்டே மாடிப்படியில் இறங்கினாள்.

* * *

ஸ்டேஷனில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த சப் இன்ஸ்பெக்டர் தனக்கோடி, இருபது வருஷ சர்வீஸில் கிணற்றுப் பிணம், தண்டவாளப் பிணம், ஏரிப் பிணம் எல்லாம் பார்த்தவர். திரைப் பிணம் இதுதான் முதல் தடவை.

"செத்தவன் பேரு?"

"மக்கள்குரல் சார்."

"அட்ரஸ்?"

"தெரியாது."

"ஆளை எப்பனா பாத்துகீறியாம்மா?"

"இல்ல சார். ஆனா, ஓட்டை எண்ணாமலே யார் ஜெயிச்சாங்கன்னு சொன்னா அது தீர்ப்பு இல்ல, ஜோசியம்னு எழுதினார் சார்." இஃப்ராவின் கண் நிறைந்துவிட்டது.

தனக்கோடி அவள் அப்பாவைப் பார்த்தார். சௌகத் அலி, திருமுடிவாக்கத்தில் இரும்பு கேட் பட்டறை வைத்திருப்பவர். கொட்டேஷன் அடிக்க வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் இப்படிக் கொலைக் கேஸில் கொண்டுவந்து நிறுத்தும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இஃப்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லி முடித்தாள். தபாலில் அரசியல் எம்.ஏ. படிக்கிறாள். 'ஜனநாயகம்' என்று இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்தாள். அவளோடு சேர்த்து பதினோரு பேர். ஒரு மாசமாக ஒரே சண்டை... அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். ஃப்ளோரிடா என்ற ஒரு மாநிலத்தில் ஓட்டு வித்தியாசம் சில நூறுதான். அதை மறுபடி எண்ணலாமா, கூடாதா? கோர்ட்டு தலையிடலாமா? நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கினவர் தோற்றுப்போகிற மாதிரி ஒரு அரசியல் சட்டத்தை எவன் எழுதினான்?

கோர்ட்டுப் பக்கம் நீதிமான். ஓட்டுப் பக்கம் மக்கள்குரல்.

"அமெரிக்காக்காரன் தேர்தலுக்கு இரும்புலியூர்ல கொலையா? இன்னாம்மா பேஜாரா கீது. சரி, கொன்னவன் பேரும் தெரியாதா?"

"அது தெரியும் சார். நீதிமானோட நிஜப் பேர் முதாசிர். ஜி.எஸ்.டி. ரோட்டுல பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கார்."

சௌகத் அலி கூரையிலிருந்து பார்வையை இறக்கினார்.

"யாரு, நம்ம ஜஹானாரா மவனா? அந்தப் பையனுக்குத்தானே உன்னைக் கேட்டிருக்காங்க. நாளைக்கு நீ பதில் சொல்லணுமேம்மா..."

"அதான் அத்தா காரணமே. மக்கள்குரல் மாதிரி ஒருத்தர் கிடைச்சா நாளைக்கே நிக்காஹ்னு போன வாரம் குழுவில் விளையாட்டா எழுதினேன். அந்தப் பொறாமையில..."

தனக்கோடி எழுந்து தொப்பியை மாட்டினார். அமெரிக்கா புரியாவிட்டாலும் முக்கோணம் அவருக்குப் புரியும்.

* * *

வாசகரிடம் எதற்கு மறைக்க வேண்டும்? இந்தக் கதையில் கொலைகாரன் யார் என்பதில் சந்தேகமே இல்லை. முதாசிர்தான் கொன்றான்.

செத்ததும் முதாசிர்தான்!

காலையில் தாம்பரம் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். மதியத்துக்கு மேல் பிரவுசிங் சென்டர் முதலாளி. இஃப்ராவின் குழுவில் நீதிமானாகச் சேர்ந்தான். கெடு என்றால் கெடுதான், கோர்ட்டு சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும், நம்ம ஊரில் மட்டும் ஜனாதிபதிக்கு நாமா நேராக ஓட்டுப் போடுகிறோம் என்று வெளுத்து வாங்கினான். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. குழுவில் எல்லாரும் 'அருமை', 'சபாஷ்' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

எதிரி இல்லாமல் வக்கீல் எப்படி ஜெயிப்பான்? அவனே ஒரு எதிரியைப் படைத்தான். மக்கள்குரல் என்று பேர் வைத்தான். நாலு நாள் அடிக்கவிட்டு ஐந்தாம் நாள் அவனைத் தோற்கடித்தால் இஃப்ரா அசந்துபோவாள் என்பது திட்டம்.

அசந்துதான் போனாள். மக்கள்குரலைப் பார்த்து!

முதாசிரைவிட மக்கள்குரல் நன்றாகப் பேசினான். அவன் கேட்ட கேள்விக்கு முதாசிராலேயே பதில் சொல்ல முடியவில்லை. போன வாரம் அந்த நிக்காஹ் வரியைப் படித்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னையே பார்த்து இவ்வளவு வயிறு எரிந்த மனிதன் இரும்புலியூரில் வேறு யாரும் இல்லை.

அதனால் தீர்த்துக்கட்டினான். மதியம் நீதிமானாகப் போட்ட சவடால் வரியை மறந்தே போய்விட்டான். சட்டம் படித்தவன் கொலை செய்கிற லட்சணம் இது.

* * *

"கத்தி குத்தறப்போ எவன்யா 'ஆ'ன்னு டைப் அடிச்சு என்டரும் தட்டுவான்?"

பொழுது சாய்ந்த நேரத்தில், பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் கேபினில், முதாசிர் பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார்ந்தபடி தனக்கோடி கேட்டார். வாசலில் கான்ஸ்டபிள் சவுரிமுத்து காவல்.

"வக்கீல் இல்லாம பேச மாட்டேன் சார்."

"நீதான்யா வக்கீலு."

முதாசிர் தலையைக் குனிந்துகொண்டான். உண்மையைச் சொன்னால் போதும், இந்த நிமிஷமே விட்டுவிடுவார். ஆனால் இஃப்ராவுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாசமாக ரெண்டு பெயரில் ஏமாற்றியவன் என்று தெரிந்தால் நாளைக்கு அவள் சொல்லப்போகும் பதில் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

"நான்தான் சார் கொன்னேன். அரெஸ்ட் பண்ணிக்குங்க."

"பாடி?"

"பாடி... இல்ல சார்."

தனக்கோடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பாடியே இல்லாத கொலையை ஒத்துக்கொள்கிறான், ஏதோ இடிக்கிறதே என்று யோசித்தவர், அந்தக் குழுவைத் திறந்து காட்டச் சொன்னார்.

திறந்தான். குழு கொதித்துக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் தேர்தல் அன்றைக்கு என்று இஃப்ரா முன்பே அறிவித்திருந்தாள். போட்டியில் ரெண்டே பேர், நீதிமானும் மக்கள்குரலும். ஓட்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன.

செல்வமேரி, கோவளம்: என் ஓட்டு மறைந்த மக்கள்குரலுக்கே!

பட்டாபிராமன், மாம்பலம்: நானும். ஆனா செத்தவர் பதவி ஏற்க முடியுமா?

தையல்நாயகி, மதுரை: தலைவர் உயிரோட இருக்கணும்னு நம்ம குழு அரசியல் சட்டத்துல எங்கேயும் எழுதலையே.

முதாசிருக்குக் கை பரபரத்தது. "சார், ஒரே நிமிஷம். இது சட்டப்படி செல்லாது சார். ஒரு ஆட்சேபணை மட்டும் போட்டுக்கறேன்..."

"அடங்குய்யா. நீ கொலைகாரன்."

வேதா, நியூஜெர்சி: செத்தவர் ஜெயிச்சா அடுத்த தலைவர் யாருன்னு குழுவோட நீதிமன்றம்தான் சொல்லணும். காரணம் அடுத்த வரியில...

விளக்கு அணைந்தது. மின்விசிறி முனகி நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டில் கடைகள் வரிசையாக இருண்டன. பிரவுசிங் சென்டரில் மட்டும் யு.பி.எஸ். 'கீச் கீச்' என்று கத்திக்கொண்டு கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது.

திரை வெளிச்சத்தில் ரெண்டு முகங்கள்.

ஆனால் திரையில் யாரும் எழுதவில்லை. கோவளம் அமைதி. மாம்பலம் அமைதி. மதுரை அமைதி. இவ்வளவு நேரம் காச்மூச் என்று கத்திய கூட்டம் மொத்தமாக வாயடைத்துப் போயிருந்தது.

"இன்னாய்யா, எல்லாம் டீ குடிக்கப் பூட்டாங்களா?"

முதாசிருக்கும் புரியவில்லை. இருவரும் புழுக்கத்தில் காத்திருந்தார்கள். சட்டை முதுகில் ஒட்டியபோது கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி முளைத்தது.

வேதா, நியூஜெர்சி: ஸாரி. கரண்ட் போயிடுச்சு. எங்கே விட்டேன்?

தனக்கோடி அந்த வரியை ரெண்டு தடவை படித்தார். மெதுவாகத் திரும்பினார்.

"ஏம்பா வக்கீலு... நியூஜெர்சிக்கும் நம்ம தெரு டிரான்ஸ்பார்மர்ல இருந்துதான் லைன் இழுத்துகிறாங்களா?"

முதாசிர் எழுந்துவிட்டான். இந்த ஊரில் அந்தக் குழுவில் அவனைத் தவிர இன்னொரு ஆள்தான் உண்டு.

* * *

சௌகத் அலி கதவைத் திறந்தார். தனக்கோடி நேராக மாடி ஏறினார். பின்னால் முதாசிர். அவன் பின்னால் சவுரிமுத்து, பின்னால் பதறிக்கொண்டு சௌகத் அலி.

இஃப்ரா திரும்பிப் பார்ப்பதற்குள் தனக்கோடி திரையைப் பார்த்துவிட்டார். பாதியில் நின்ற வரி. அதன் தலையில் பேர்... வேதா.

"வாங்க வேதாம்மா. நியூஜெர்சில இருந்து எப்ப இறங்கினீங்க?"

இஃப்ராவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ரெண்டு கையாலும் திரையை மறைக்கப் பார்த்தாள். அது பதினைந்து அங்குலத் திரை. மறையவில்லை.

அப்புறம் உடைந்து அழுதாள். குழு ஆரம்பித்து ரெண்டு வாரம் ஒரு ஈ காக்காய் வரவில்லை. காலிக் குழு என்றால் அசிங்கம் என்று அவளே வேதா ஆனாள். அப்புறம் பட்டாபிராமன் ஆனாள். அப்படியே எட்டுப் பேர். சண்டை போட இஷ்டமில்லாமல் எல்லாரையும் 'சபாஷ்' மட்டும் போடவிட்டாள். வெளியிலிருந்து வந்தது ரெண்டே ரெண்டு பேர்தான். நீதிமான், மக்கள்குரல்.

சௌகத் அலி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தனக்கோடி கையைத் தட்டித் தூசு உதறினார். "கேஸு முடிஞ்சுது. சாட்சி எட்டு பேரும் பொறக்கவே இல்ல. செத்தவனும் இதே மாதிரி எவனோ வெச்ச டூப்பு பேராத்தான் இருக்கும். முதாசிரு, நீ வூட்டாண்ட போலாம்."

தப்பித்தான்!

வாயைத் திறக்காமல் படி இறங்கினால் போதும். பொய்யன் பட்டம் இல்லை. கொலைகாரன் பட்டமும் இல்லை. நாளைக்குப் பதில் நல்லதாகக்கூட இருக்கலாம்.

"இல்ல சார்." இஃப்ராவின் குரல் கம்மியது. "நாங்க எல்லாம் பொய்தான். அவர் பொய் இல்ல. அந்தக் குழுவிலே அவர் ஒருத்தர்தான் சார் நெஜம்."

முதாசிரின் கால் முதல் படியிலேயே நின்றுவிட்டது. அவள் அழுவதை அவனால் தாங்க முடியவில்லை. அதுவும் அவனுக்காகவே அழும்போது.

"அவன் சாகல இஃப்ரா," என்றான். "நான்தான் அவன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நம்பவில்லை. பரீட்சை வைக்கிற டீச்சர் மாதிரி கேட்டாள்.

"கெடு முடிஞ்சுபோச்சு, இனிமே எண்ணக் கூடாதுன்னு கோர்ட்டு சொன்னா மக்கள்குரல் என்ன சொல்லுவார்?"

முதாசிர் யோசிக்கவே இல்லை. "எண்ணி முடிக்கத்தான் கெடு வைக்கறது. எண்ணாம இருக்கறதுக்கு இல்ல."

இஃப்ராவின் உதடு லேசாகப் பிரிந்தது. அதே ஆள்.

"அப்போ கோர்ட்டுப் பக்கம் பேசின நீதிமான்?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டுல நீங்க நெஜமா எந்தப் பக்கம்?"

"முதல்ல கோர்ட்டுப் பக்கம்தான் இருந்தேன். அவன் பேசிப் பேசி என்னையே மாத்திட்டான். உங்களையும் அவன் பக்கம் இழுத்துக்கிட்டான். பொறுக்க முடியல... கொன்னுட்டேன்."

இஃப்ரா நாற்காலியில் உட்கார்ந்தாள். வேதாவை மூடினாள். தன் சொந்தப் பேரில் உள்ளே நுழைந்து ஒரே ஒரு வரி அடித்தாள்.

இஃப்ரா, இரும்புலியூர்: என் ஓட்டும் மக்கள்குரலுக்கே.

"ஒன்பது ஓட்டு," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "ஏகமனசா ஜெயிச்சிட்டார். அத்தா, நாளைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னிக்கே சொல்லிட்டேன். அவங்க வீட்டுல சொல்லிடுங்க."

சௌகத் அலிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பட்டறைக்காரர் அல்லவா, கணக்கு உதைத்தது. "எனக்கு ஒரே பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேனே சார். ஒன்பது பேருக்கா சீர் செய்யணும்?"

"மாப்பிள்ளையும் ரெண்டு பேரு பாய். கொஞ்சம் குறைஞ்சு வரும்," என்றார் தனக்கோடி.

முதாசிர் இஃப்ராவைப் பார்த்தான். இஃப்ரா கீபோர்டைப் பார்த்தாள். மேஜையிலிருந்த அந்தக் கீபோர்டுதான் பாவம், ஒரு மாசமாக ஒன்பது பேரைச் சுமந்து தேய்ந்துபோயிருந்தது.

தனக்கோடி தொப்பியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். வாசல் வரைக்கும் போனவர், என்னவோ ஞாபகம் வந்து திரும்பினார்.

"பாய்... நிக்காஹ்க்கு ரெண்டு சாட்சி வேணுமாமே?"

"ஆமா சார்."

"பாத்துக் கூப்பிடுங்க. ரேஷன் கார்டு கீற ஆளா!"